தெரிந்திருந்தது யாருக்கு?

தோல் சம்பந்தப்பட்ட வழக்குகளில் மற்ற மருத்துவ வழக்குகளில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. தவறான அறுவை சிகிச்சையில் ஒருவர் காலை இழந்தால், எத்தனை வருடம் கழித்து விசாரணைக்கு வந்தாலும் அந்த இழப்பை மன்றம் கண்ணால் பார்க்கும். தோல் அப்படியல்ல. வழக்கு நடக்க நடக்க அது தன்னைத்தானே சரிசெய்துகொண்டு வரும். புகார் எழுதிய நாளில் வெளியே காட்ட முடியாதபடி இருந்த முகம், வாதம் நடக்கும் நாளில் ஏறக்குறையப் பழைய முகமாகிவிடும். இடையில் அந்த மனிதர் இழந்த வேலையும் வருமானமும் திரும்பி வந்திருக்காது. ஆனால் இழப்புக்குச் சாட்சி சொல்ல வேண்டிய முகம் மட்டும் எதிர்த்தரப்பின் சாட்சியாக மாறியிருக்கும். திருச்சி மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் நான் நடத்திய ஒரு வழக்கு இந்தச் சங்கடத்தை முழுமையாகக் காட்டியது. அதில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

அந்தப் பெண் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை பார்த்தவர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. மங்கு உடலுக்குக் கெடுதல் செய்வதில்லை. கர்ப்ப காலத்து ஹார்மோன் மாற்றம், கருத்தடை மாத்திரை, வெயில் ஆகியவற்றால் வருவது. வந்தால் எளிதில் போகாதது. நிழலில் இருப்பது, சன்ஸ்கிரீன், மருத்துவர் மேற்பார்வையில் களிம்பு என்று மாதக்கணக்கில் பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் பட்டுச்சேலையைத் தோளில் போட்டுக் காட்டும் வேலையில் முகமும் வேலையின் ஒரு பகுதி என்பதைக் கடையின் மேற்பார்வையாளர் அவருக்கு அடிக்கடி நினைவூட்டிக்கொண்டிருந்தார். பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, ஏலச்சீட்டை எடுத்து, ஒரு தோல் அழகு கிளினிக்கில் ஆறு சிட்டிங் லேசருக்கு 24,000 ரூபாய் முன்பணமாகக் கட்டினார். அது 2012.

முதல் இரண்டு சிட்டிங்கில் லேசான சிவப்பு வந்து மறைந்தது. மூன்றாவதுக்கு முன் சமயபுரம் சித்திரைத் தேர் வந்தது. வருடா வருடம் நேர்ந்துகொண்டபடி பால்குடம் எடுத்து, சித்திரை வெயிலில் நடந்தே கோயிலுக்குப் போய் வந்தார். நான்கு நாள் கழித்து, குறித்திருந்த தேதியில் கிளினிக்குக்குப் போனார். அன்று இரவே கன்னம் இரண்டும் எரிந்து கொப்புளம் கட்டியது. போனில் கேட்டதற்கு, சாதாரணம்தான், ஐஸ் வையுங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டு போட்டுக் காட்டினார். கொப்புளம் ஆறிய இடமெல்லாம் மங்கைவிடக் கருப்பாகத் திட்டுத் திட்டாக நின்றது. கடையில் முதலில் அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகு, முகம் சரியானதும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இது ஏன் நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. லேசர் மங்கைக் கலைப்பது அந்த வெப்பத்தால்தான். ஆனால் எது மங்கின் மெலனின், எது பிறவி நிறத்தின் மெலனின் என்று லேசருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-இல் தொடங்கிய வகைப்பாட்டில் தோல் இன்று ஆறு வகையாகப் பிரிக்கப்படுகிறது. நம் ஊர்த் தோல் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகை. வெள்ளைத் தோலுக்கு ஏற்ற ஆற்றல் இந்தத் தோலைச் சுடும். சுட்ட இடம் ஆறும்போது மேலும் கருக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட தோலுக்கு 1,064 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீளம், குறைந்த ஆற்றல், காதுக்குப் பின்னால் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்துக் காத்திருத்தல் என்ற எச்சரிக்கைகள் இருக்கின்றன. வெயிலில் கறுத்த தோலில் மெலனின் இன்னும் அதிகம். அந்த நிலையில் லேசர் அடிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

அவர் முதலில் போனது காவல் நிலையத்துக்கு. அங்கே புகாரை வாங்கவில்லை. அதில் அலட்சியம் கொஞ்சம் இருந்திருக்கலாம், சட்டமும் இருந்தது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடர வேண்டுமானால் கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும், அதற்கு முன் வேறொரு தகுதியான மருத்துவரின் சார்பற்ற கருத்தைக் காவல்துறை பெற வேண்டும் என்று சொல்லிவிட்டது. கத்தியைப் பிடிக்கும் கை சிறைக்குப் பயந்து நடுங்கக் கூடாது என்ற அந்தக் கவலை நியாயமானது. ஆனால் உயிர் காக்கும் அறுவை சிகிச்சையை மனதில் வைத்து எழுதிய பாதுகாப்பு, அவசரமே இல்லாத அழகு சிகிச்சைக்கும் அப்படியே குடை பிடித்தது.

மீதமிருந்த வழி நுகர்வோர் மன்றம். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் சேவைதான் என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் வர வேண்டும். அவர் ஒரு வருடத்துக்குள் வந்திருந்தார். ஒரு லட்சத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை கேட்கும் புகாருக்கு அன்று கட்டணம் 200 ரூபாய். புகாருக்கு முன் நான் செய்யச் சொன்ன முதல் வேலை, கிளினிக்கிடம் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்து மூலம் கேட்பது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. இந்த விதி இருப்பதே நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கிளினிக் கொடுக்கவில்லை. பிறகு மன்றத்தின் உத்தரவில்தான் ஒரு சிகிச்சை அட்டையும் இரண்டு பக்கச் சம்மதப் படிவமும் வந்தன.

அந்த அட்டை பல விஷயங்களைச் சொன்னது. மூன்றாவது சிட்டிங்கில் ஆற்றல் அளவு முந்தைய இரண்டைவிடக் கூட்டி எழுதப்பட்டிருந்தது. ஏன் என்ற குறிப்பு இல்லை. சோதனைப் புள்ளி வைத்ததாகப் பதிவு இல்லை. கையெழுத்திட்டவர் மருத்துவர் அல்ல, தெரபிஸ்ட் என்று அங்கே அழைக்கப்பட்ட ஓர் இளம்பெண். பெயர்ப் பலகையில் இருந்த தோல் மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் வருபவர். மூன்றாவது சிட்டிங் நடந்த நாள் அவர் வராத நாள். சம்மதப் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கொப்புளம், தழும்பு, நிறம் கருத்தல் ஆகியவை நேரலாம் என்பதும், வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அதன் இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தன. கீழே அந்தப் பெண்ணின் தமிழ்க் கையெழுத்து. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர் அவர். பணம் கட்டிய கவுண்டரிலேயே ரசீதோடு சேர்த்து நீட்டியதால் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார்.

கிளினிக்கின் வழக்கறிஞர் திறமைசாலி. அவருடைய வாதம் இரண்டு கால்களில் நின்றது. முதலாவது, தோல் கருப்பது லேசரின் தெரிந்த பக்கவிளைவு, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு வரும், வந்ததாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது என்பது. இதற்கு ஆதாரமாக மருத்துவக் கட்டுரைகளையும் தாக்கல் செய்தார். இரண்டாவது, வெயிலைத் தவிர்க்கச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிய பிறகு அவரே வெயிலில் நடந்து போனார், ஆகவே தவறு அவருடையது என்பது. ஒரு பெண் தன் குடும்பத்துக்காக எடுத்த பால்குடம் மன்றத்தில் அவருக்கு எதிரான குற்றச்சாட்டாக வைக்கப்பட்டது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் அன்று மதியம் என்னிடம், “சாமிக்குப் போனது தப்பா சார்?” என்று கேட்டார். தப்பில்லை என்று சொல்வது எளிது. அதைச் சட்டத்தின் மொழியில் நிறுவுவதுதான் மீதி வழக்கு முழுவதும் நடந்த வேலை.

நிபுணர் கருத்துக்காக வழக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்குப் போனது. பல மாதம் கழித்து வந்த பதிலின் சாரம்: இது லேசரால் ஏற்பட்ட தீக்காயமும் அதைத் தொடர்ந்த கருமையும்தான், சிறந்த கைகளிலும் இது நேரக்கூடும். இதற்கு மேல் ஒரு வரி இல்லை. ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எதிராக எழுதத் தயங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உச்ச நீதிமன்றமும் இந்தத் தயக்கத்தை அறிந்தே, எல்லா மருத்துவ வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை, விஷயம் வெளிப்படையாகத் தெரியும்போது மன்றமே முடிவு செய்யலாம் என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் சொன்னது. ஆனால் நிபுணர் கருத்து வந்து சேர்ந்த பிறகு, அதை ஒதுக்கிவிடுங்கள் என்று மன்றத்திடம் கேட்பதைவிட, அதையே ஏற்றுக்கொண்டு வாதிடுவதுதான் பலமானது என்று முடிவு செய்தேன்.

தெரிந்த விளைவு என்று மூன்று பேர் சொன்னார்கள்: கிளினிக், கட்டுரைகள், நிபுணர். சரி, யாருக்குத் தெரிந்தது? கிளினிக்குக்குத் தெரிந்திருந்தது, கட்டுரை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது, நிபுணருக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு மட்டும் தெரியாது. ஒரு விளைவு அபூர்வமானது என்றால் சொல்லாமல் விட்டதை மன்னிக்கலாம். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்ததும் அதுதான்: சிகிச்சை என்ன, எதற்கு, மாற்று வழி என்ன, கணிசமான ஆபத்து என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளி முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும், எங்கோ ஒருவருக்கு வருவதையெல்லாம் பட்டியலிட வேண்டியதில்லை. ஆனால் கிளினிக் தாக்கல் செய்த கட்டுரைகளே கருந்தோலில் இது அடிக்கடி வருவது என்றன. ஆகவே தெரிந்த விளைவு என்ற வாதம் சிகிச்சை செய்த கையைக் காப்பாற்றலாம். சொல்லாமல் விட்ட வாயைக் காப்பாற்ற முடியாது. இதில் அவசரம் என்ற சாக்கும் இல்லை. விபத்தில் அடிபட்டவருக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மங்கு ஒரு வாரம் காத்திருக்கும், ஒரு மாதமும் காத்திருக்கும்.

இரண்டாவது வாதம், அதாவது வெயில், மன்றத்தின் மேடையிலிருந்தே உடைந்தது. மாவட்ட மன்றத்தில் தலைவரோடு இரண்டு உறுப்பினர்கள்; அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். அந்தப் பெண் உறுப்பினர் வழக்குக்கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், நேராக என் கட்சிக்காரரைப் பார்த்துக் கேட்டார்: “மூன்றாவது தடவை போனபோது, இடையில் வெயிலில் அலைந்தீர்களா என்று அங்கே யாராவது கேட்டார்களாம்மா?” இல்லை என்றார். “கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?” “சொல்லியிருப்பேனே, பிரசாதம்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தேனே.” தேர் முடிந்த வாரம் சமயபுரத்துப் பிரசாதத்தை வாங்கிக்கொண்ட கிளினிக், வெயிலில் நடந்தது தங்களுக்குத் தெரியாது என்று அதற்குப் பிறகு வாதிட முடியவில்லை. வெயில்பட்ட தோலில் லேசர் ஆபத்து என்பது தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் இருக்கும் அறையில், கேட்கும் கடமை தெரிந்தவருடையது என்பதை அந்த இரண்டு கேள்விகள் என் எழுத்து வாதத்தின் பல பக்கங்களைவிடத் தெளிவாக நிறுவின.

அதற்குப் பிறகு வந்ததுதான் நான் தொடக்கத்தில் சொன்ன சங்கடம். நுகர்வோர் புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. எங்கள் வழக்கு இறுதி வாதத்துக்கு வந்தபோது மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர், புகார்தாரரின் முகத்தை மன்றம் பார்க்கட்டும், எங்கே தழும்பு என்றார். உண்மையில் திட்டுகள் பெருமளவு மங்கியிருந்தன. உறவுப் பெண் செல்போனில் எடுத்த படங்களுக்கு மின்னணு ஆவணச் சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபம் வேறு எழுந்தது. அப்போது துணைக்கு வந்தது அரசு மருத்துவமனையின் ஓபி சீட்டு. மூன்றாம் நாள் பணியிலிருந்த மருத்துவர், லேசருக்குப் பின் இரு கன்னத்திலும் தீக்காயம் என்று இரண்டு வரியில் எழுதி, தேதியிட்டுக் கொடுத்த காகிதம். பலர் மாத்திரை வாங்கியதும் எறிந்துவிடும் அந்தச் சீட்டை அவர் ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார். முகம் மறைத்துவிட்டதை அந்த இரண்டு வரி சொன்னது.

ஆனால் வேலை போனதைச் சொல்ல எந்தக் காகிதமும் இல்லை. மாதம் 7,500 ரூபாய் சம்பளம் கையில் கொடுக்கப்பட்டது. வேலையில் சேர்ந்ததற்குக் கடிதம் இல்லை, நீக்கியதற்கும் இல்லை. கூட வேலை பார்த்த பெண்களில் ஒருவர்கூடப் பிரமாணப் பத்திரம் தரத் துணியவில்லை; தந்தால் அவர்கள் வேலையும் போகும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நிரூபிக்கப்படாத இழப்புக்கு ஈடு தர முடியாது என்பது நியாயமான விதிதான். ஊகத்தில் பணம் கொடுக்க ஆரம்பித்தால் முடிவிருக்காது. ஆனால் அந்த விதி, சம்பளச் சீட்டு உள்ளவரின் இழப்பை முழுதாகவும், சம்பளச் சீட்டு கொடுக்கப்படாதவரின் இழப்பைப் பூஜ்யமாகவும் அளக்கிறது. சீட்டு கொடுக்காதது முதலாளி. விலை கொடுத்தது தொழிலாளி.

2016-இல் உத்தரவு வந்தது. கட்டிய 24,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கும் உடல் வேதனைக்கும் 75,000, செலவுத்தொகை 5,000. கிளினிக்கும் மருத்துவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. வருமான இழப்பு நிரூபிக்கப்படவில்லை. கிளினிக் மேல்முறையீடு செய்தது. அன்றைய சட்டப்படி உத்தரவான தொகையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் மேல்முறையீடு செய்யலாம். ஆகவே 25,000 கட்டிவிட்டுக் காலத்தை வாங்கிக்கொண்டார்கள். மாநில ஆணையத்தின் மதுரைக் கிளை உத்தரவை உறுதிசெய்து, பணம் கைக்கு வந்தபோது அந்தப் பெண் வேறொரு சிறிய கடையில் பாதிச் சம்பளத்துக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த உத்தரவில் இடம்பெறாத ஒருவர் உண்டு: லேசரைக் கையில் பிடித்த இளம்பெண். அவரைக் கட்சியாகச் சேர்க்கவில்லை. ஊழியரின் செயலுக்கு முதலாளி பொறுப்பு என்பதால் சேர்க்கத் தேவையும் இல்லை. எந்திரத்தை விற்ற கம்பெனி ஆள் சில நாள் சொல்லிக்கொடுத்ததே அவருடைய பயிற்சி. புகார் வந்த மாதமே கிளினிக் அவரை நீக்கிவிட்டது. மருத்துவர் தன் பெயரை வாடகைக்குக் கொடுத்ததற்குப் பதில் சொன்னார். கிளினிக் பணம் கட்டியது. செய்யத் தெரியாததைச் செய்யச் சொல்லி உட்கார வைக்கப்பட்டவர் மட்டும் வழக்குக் கோப்பில் ஒரு கையெழுத்தாக நின்றுவிட்டார். தகுதியில்லாதவர் தரும் சிகிச்சை தன்னளவிலேயே கவனக்குறைவு என்று பூனம் வர்மா வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. முடி நடும் சிகிச்சையைப் பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது போதாது என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் சொல்ல வேண்டி வந்தது. இடைப்பட்ட இருபத்தாறு வருடத்தில் கிளினிக்குகளும் எந்திரங்களும் பெருகின. பிடிக்கும் கையின் தகுதியைப் பற்றி மட்டும் நாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், புகார்தாரர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இணையத்தில் தாக்கல் செய்யலாம், மேல்முறையீட்டுக்குப் பாதித் தொகையை எதிர்த்தரப்பு கட்டியே ஆக வேண்டும். கிளினிக்குகளில் தமிழ்ப் படிவங்களையும் அங்கங்கே பார்க்கிறேன். நல்லதுதான். ஆனால் படிவம் தமிழில் இருப்பதால் மட்டும் அது சம்மதம் ஆகிவிடாது; கவுண்டரில் ரசீதோடு நீட்டினால் தமிழ்ப் படிவமும் படிக்கப்படாமலே கையெழுத்தாகும். கடைசியாக எப்போது வெயிலில் அலைந்தீர்கள், என்ன களிம்பு போடுகிறீர்கள், மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முன்பு காயம்பட்ட இடம் கருத்ததுண்டா என்று ஒவ்வொரு சிட்டிங்குக்கும் முன் ஒருவர் வாயால் கேட்டு, பதிலை அட்டையில் எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை இது.

இந்தக் கடமை மருத்துவர்களுக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை. வழக்கறிஞரின் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் உள்ளே, நாங்கள் வெளியே என்பது மருத்துவ நண்பர்களுக்கு வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. சட்டம் எங்களை வெளியே நிறுத்தினாலும், அந்த வழக்கில் நாங்கள் நிலைநாட்டிய கொள்கை எங்களையும் கட்டும். என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருபவருக்குக் கெடுவும் தெரியாது, காலமும் தெரியாது, வென்றாலும் எவ்வளவு கைக்கு வரும் என்பதும் தெரியாது, எனக்குத் தெரியும். அவற்றை அவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் கேட்காத கேள்வியையும் நானே கேட்டு முடித்த பிறகுதான் வக்காலத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். தெரிந்தவர் சொல்ல வேண்டும், தெரிந்தவரே கேட்கவும் வேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.